போலந்து வேலை விளம்பரத்தில ஊர்ப்பேர் மட்டும் போதாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்கட பேப்பரில கிழமைக்குக் கிழமை போலந்து வேலை விளம்பரம் வருது, இஞ்ச திருகோணமலையில இருந்தும் பெடியள் போய்க்கொண்டுதான் இருக்கிறாங்கள், அதாலதான் இதை எழுதுறன்.

என்ர அக்காட மகன் மாசி மாசம் போனவன். ஏஜென்சி குடுத்த கொன்ட்ராக்டில வேலை செய்யிற ஊர் தொமாஷுவ் எண்டு மட்டும்தான் கிடந்தது. வார்சோவில இறங்கி போன்ல தேடி, முதல்ல வந்த தொமாஷுவ் மசோவியெத்ஸ்கிக்கு டிக்கெட் எடுத்து, ராத்திரி அங்க போய்ச் சேந்து கம்பனிக்கு கோல் எடுத்தா, அவங்கட ஊர் தொமாஷுவ் லுபெல்ஸ்கியாம். இவன் நிண்டது வார்சோவுக்குத் தென்மேற்கில 100 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட, போகவேண்டியது தென்கிழக்கில உக்ரைன் எல்லைக்குக் கிட்ட. விடியும்வரைக்கும் அந்தக் குளிருக்க ஸ்டேஷன் வாங்கில இருந்தவன், அக்கா இஞ்ச போனைக் கையில வச்சுக்கொண்டு ஒரு பொட்டு நித்திரை இல்ல.

பிறகுதான் நானும் இருந்து தேடிப் பாத்தன். நோவா வியெஷ் எண்டா புது ஊர் எண்டு அர்த்தம், அந்தப் பேரில மட்டும் அங்க 100க்கு மேல ஊர் இருக்கு. எங்கட புதுக்குடியிருப்பு மாதிரித்தான், முல்லைத்தீவிலயும் இருக்கு மட்டக்களப்பிலயும் இருக்கு, புதுசா வந்து குடியேறின சனம் வேற என்ன பேர் வைக்கும். தொம்ப்ரோவா எண்டா ஓக் மரத்தோப்பு, அதுவும் கனக்க. ஷ்ரோதா எண்டா புதன்கிழமை, சந்தை கூடின நாளில வந்த பேர், அதில ஒண்டு பொஸ்னான் பக்கம், மற்றது விரோத்ஸ்வாவ் பக்கம்.

ஒரே பேரில கனக்க டவுன் இருந்தா, பிரிச்சுக் காட்ட பேருக்குப் பின்னால மசோவியெத்ஸ்கி, லுபெல்ஸ்கி எண்டு அநேகமா ஒரு சொல் வரும். ஆனா அதையும் அப்பிடியே நம்பேலாது ஐயா. மசோவியெத்ஸ்கி எண்ட உடன மசோவியா மாகாணம் எண்டுதான் நினைப்பம், அது பழைய காலத்து மசோவியாவை வச்சு வந்த பேர், இண்டைக்கு அந்த டவுன் இருக்கிறது வூச் மாகாணத்தில. சின்னக் கிராமங்களுக்கு அப்பிடி ஒரு சொல்லும் அநேகமா இராது, க்மினா எண்டுற உள்ளூராட்சிப் பிரிவு, அதுக்கு மேல போவியாத் எண்டுற மாவட்டம், அதுக்கு மேல மாகாணம் (மொத்தம் 16), இவ்வளவும் கேட்டாத்தான் எந்த ஊர் எண்டு பிடிக்கலாம்.

லேசான வழி தபால் கோட்தான். 97-200 எண்டா மசோவியெத்ஸ்கி, 22-600 எண்டா லுபெல்ஸ்கி. அந்த அஞ்சு இலக்கம் கொன்ட்ராக்டில இருந்திருந்தா பிள்ளை நேர போய் இறங்கியிருப்பான்.

அதால ஐயா, போலந்து வேலை விளம்பரம் எடுக்கேக்க ஊரின்ர முழுப்பேர், மாகாணம், தபால் கோட் மூண்டும் இருக்கோ எண்டு பாத்துப் போடுங்கோ. பிள்ளையளை அனுப்புற தாய் தகப்பனும் காசு கட்ட முதல் அந்தக் கோட்டைக் கேட்டு வாங்கி, மெப்பில அடிச்சுப் பாருங்கோ.

இப்படிக்கு,
உப்புவெளி வாசகர்,
திருகோணமலை