ஸ்லாப் பேஸ்: கை ஓயாமல் வாசிக்க

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேஸ் கிட்டாரில் கட்டைவிரலால் தந்தியை அடித்தும் விரலால் சுண்டியும் வாசிக்கும் ஸ்லாப் முறையைக் கற்கும் பிள்ளைகள் இன்று பெருகியிருக்கிறார்கள். சர்ச் இசைக்குழு, கல்லூரி விழா, மெல்லிசைக் கச்சேரி என்று மேடைகளும் கிடைக்கின்றன. ஆனால், "இரண்டு பாட்டுக்கு மேல் கை தாங்கவில்லையே" என்று அவர்கள் கேட்டால், பல இடங்களில் வரும் பதில் ஒன்றுதான்: "வலிக்க வலிக்க வாசி, பழகிவிடும்." இந்த அறிவுரை தவறு, நல்ல கைகளைக் கெடுக்கிறது. கற்பிப்பவர்களும் பெற்றோரும் படிக்கட்டும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. தாள வேகம் காட்டும் மெட்ரோனோம் 100-இல் (நிமிடத்துக்கு 100 தட்டு) ஓட, ஒரு தட்டுக்கு நான்கு ஒலிகள் வாசித்தால் நிமிடத்துக்கு 400. நான்கு நிமிடப் பாட்டுக்கு 1,600. ஒவ்வொரு அடியிலும் தேவைக்கு மேல் கொஞ்சம் பலம் செலவானாலும் அது 1,600 மடங்காகச் சேரும். தாக்குப்பிடிக்கும் திறன் என்று நாம் சொல்வதில் தசை பலத்தின் பங்கு குறைவு. ஒரு அடிக்கு எவ்வளவு குறைவாகச் செலவழிக்கிறோம் என்பதுதான் பெரும்பங்கு.

இந்த வாசிப்பு பிறந்த விதமே இதைக் காட்டுகிறது. அமெரிக்காவில் 1960-களில் பேஸ் கலைஞர் லாரி கிரஹாம் தன் தாயார் டெல் கிரஹாமுடன் டிரம்ஸ் இல்லாமல் கச்சேரி செய்ய வேண்டி வந்தது. பேஸ் டிரம் இல்லாத குறைக்குக் கட்டைவிரலால் தந்தியை அடித்தார். ஸ்நேர் டிரம்முக்குப் பதிலாக ஆள்காட்டி விரலால் தந்தியைச் சுண்டினார். ஆக இது அடிப்படையில் தாளக் கருவிக்காரரின் அசைவு. தவில் வாசிப்பவரின் கழி தோலில் பட்ட மாத்திரத்தில் தெறித்து எழுகிறது; அதை யாரும் தோலில் வைத்து அழுத்துவதில்லை. கட்டைவிரலும் அப்படித்தான் எழ வேண்டும்.

அசைவு எங்கிருந்து வர வேண்டும்? பூட்டில் சாவியைத் திருப்பிப் பாருங்கள். முழங்கைக்குக் கீழே முன்கை முழுவதும் சுழல்கிறது, மணிக்கட்டு மடங்குவதில்லை. ஸ்லாப்புக்கு வேண்டியது அந்தச் சுழற்சிதான். விரல் பதிக்கும் பலகையான ஃபிரெட்போர்டு முடியும் இடத்தில், அதில் பதித்த உலோகக் கம்பிகளில் கடைசியான ஃபிரெட்டை ஒட்டி, கட்டைவிரல் மூட்டின் எலும்புப் பக்கம் தந்தியில் பட வேண்டும். தந்தி ஃபிரெட்டில் மோதுவதால்தான் அந்த உலோக ஒலி பிறக்கிறது. விரல் ஒரு நொடிப் பொழுது கூடுதலாகத் தங்கினாலும் ஒலி செத்துவிடும். செத்த ஒலியைக் கேட்ட பிள்ளை இன்னும் ஓங்கி அடிக்கிறது. களைப்பு தொடங்கும் இடம் பெரும்பாலும் இதுவே. கட்டைவிரல் தந்தியிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மேல் எழத் தேவையில்லை. சுண்டும் விரலும் அப்படியே: நுனி மட்டும் தந்திக்கு அடியில் போனால் போதும். முதல் மூட்டு வரை நுழைத்துக் கொக்கிபோல் இழுப்பவருக்கு விரலும் புண்ணாகும், தாளமும் பின்தங்கும்.

ஸ்ட்ராப்பின் நீளத்தைப் பலரும் அழகு சார்ந்த விஷயமாக நினைக்கிறார்கள். உட்கார்ந்து வாசிக்கும்போது கருவி இருக்கும் உயரத்திலேயே நின்றாலும் இருக்க வேண்டும்; இல்லையென்றால் வீட்டில் பழகியது மேடையில் உதவாது. லெவல் 42 குழுவின் மார்க் கிங் கருவியை நெஞ்சருகே உயர்த்திப் பிடித்து வாசிப்பவர். ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஃபிளீ தாழ்வாகத் தொங்கவிடுபவர். ஆனால் அவர் கட்டைவிரல் தரையைப் பார்க்கும்படி கையை வைத்துக்கொள்கிறார், அதனால் மணிக்கட்டு நேராகவே நிற்கிறது. கருவியையும் தாழ்த்தி, கட்டைவிரலையும் தந்திக்கு இணையாக வைத்தால் மணிக்கட்டு செங்குத்தாக மடங்கும். மடங்கிய மணிக்கட்டுக்குள் தசைநாண்கள் உரசிக்கொண்டே ஓடும். நான்கு கிலோ எடையுள்ள கருவிக்கு மூன்று அங்குல அகலமாவது உள்ள ஸ்ட்ராப் வேண்டும். மெல்லிய நைலான் பட்டை தோளை அறுக்கும்.

கையைக் குறை சொல்வதற்கு முன் கருவியைப் பாருங்கள். கடையிலிருந்து வந்த நிலையிலேயே வாசிக்கப்படும் கருவிகள் ஏராளம். 12-வது ஃபிரெட்டின் மேல்விளிம்புக்கும் தந்தியின் அடிப்பக்கத்துக்கும் இடையே தடித்த ஈ தந்தியில் 2 முதல் 2.5 மில்லிமீட்டர், மெல்லிய ஜி தந்தியில் 1.5 முதல் 2 மில்லிமீட்டர் இருந்தால் ஸ்லாப்புக்குப் பொருந்தும். 4 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும் தந்தியை ஃபிரெட்வரை அடித்து இறக்குவதற்குள் எந்தக் கையும் சோரும். கருவிக் கழுத்தின் வளைவையும் பார்க்க வேண்டும். ஈ தந்தியை முதல் ஃபிரெட்டிலும் கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃபிரெட் அருகே ஒரு விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பாருங்கள். கார்டு உரசி நுழைந்தால் சரி. தாராளமாக ஆடினால் கழுத்துக்குள் இருக்கும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பியை இறுக்க வேண்டும், அதுவும் ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். மழைக்காலத்துக்கும் கோடைக்கும் இடையே மரம் அசையும் என்பதால் ஆண்டுக்கு இரண்டு முறையாவது இதைச் சோதிக்க வேண்டும். தந்தியைப் பொறுத்தவரை 45–105 கன (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) செட்டுக்குப் பதில் 40–100 செட் போட்டால் தொடக்கநிலைக் கைக்குச் சுமை குறையும். வியர்வையும் கடற்காற்றும் தந்தியை வெகு விரைவில் மந்தமாக்கும். மந்தமான தந்தியில் பளிச்சென்ற ஒலி வராததால், கை தன்னையறியாமல் ஓங்கும். வாசித்து முடித்ததும் ஒரு பருத்தித் துணியால் தந்தியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடைத்துவிட்டால் அதன் ஆயுள் கூடும்.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். ஏசி அறையில் குளிர்ந்த கையோடு நேராக ஸ்லாப் தொடங்கக் கூடாது. முதல் ஐந்து நிமிடம் விரல்களால் மெதுவாக ஸ்கேல் வாசித்துக் கை சூடாகட்டும். பிறகு மெட்ரோனோம் 60-இல் திறந்த ஈ தந்தியைத் தட்டுக்கு ஒன்றாக இரண்டு நிமிடம், தட்டுக்கு இரண்டாக இரண்டு நிமிடம், கட்டைவிரலால் மட்டும். ஒரு நிமிடம் கையைத் தொங்கவிடுங்கள். அடுத்து ஆக்டேவ், அதாவது அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேலே: திறந்த ஈ தந்தியில் கட்டைவிரல், டி தந்தியின் இரண்டாம் ஃபிரெட்டில் சுண்டல்.

வேகத்தைக் கூட்டுவதில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தட்டுக்கு நான்கு ஒலி வரிசையை வாசித்துக்கொண்டே மெட்ரோனோமைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். முன்கை இறுகத் தொடங்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது 92 என்றால், பயிற்சி 78-இல் நடக்க வேண்டும். அந்த வேகத்தில் நான்கு நிமிடம் இறுக்கமின்றி வாசிக்க முடிந்தால் அடுத்த வாரம் ஐந்து, பிறகு ஆறு, எட்டு, பத்து என்று நேரத்தை நீட்டுங்கள். பத்து நிமிடம் தாங்கிய பிறகே வேகத்தை நான்கு எண் ஏற்ற வேண்டும்; ஏற்றியதும் நேரம் மறுபடி நான்கு நிமிடத்துக்கு இறங்கும். தொடக்கத்தில் ஒரு நாளைக்கு மொத்த ஸ்லாப் நேரம் இருபது நிமிடம் போதும், அதையும் இடைவெளி விட்டு மூன்று பகுதிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் ஓய்வு. தசை சில வாரங்களில் பழகிவிடும். தசைநாண் பழக மாதங்கள் ஆகும். தசை சொல்வதைக் கேட்டு அவசரப்பட்டால் தசைநாண் அடிபடும்.

அதிவேகத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு. எட்ட நினைக்கும் வேகத்தில் ஒரு ஆவர்த்தனம் வாசித்து மூன்று ஆவர்த்தனம் சும்மா இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் தோளும் முன்கையும் முழுக்கத் தளர்கின்றனவா என்று கவனியுங்கள். அது கைவந்தால் இரண்டுக்கு இரண்டு, பிறகு நான்குக்கு ஒன்று.

நம் ஊரில் இதற்கு ஒரு அருமையான கருவி ஏற்கெனவே இருக்கிறது. வாசித்துக்கொண்டே வாய்விட்டுத் தகதிமி சொல்லுங்கள். மூன்று மூன்றாக வரும் இடத்தில் தகிட. உடல் இறுகும்போது முதலில் நிற்பது மூச்சுதான். சொற்கட்டு வாயில் தடுமாறினால் கை பத்து வினாடியில் தடுமாறப்போகிறது என்று பொருள். வேகத்தை அங்கேயே குறைத்துவிடலாம். எந்தச் செயலியும் இவ்வளவு சீக்கிரம் எச்சரிக்காது.

இன்னொன்று, எல்லா ஒலியையும் வலக்கையே எழுப்ப வேண்டியதில்லை. கட்டைவிரல், இடக்கைத் தட்டு, கட்டைவிரல், சுண்டல் என்று தகதிமியைப் பிரித்தால் நான்கில் ஒன்றை இடக்கை ஏற்கிறது. இடக்கை விரல்கள் தந்தியைத் தட்டையாக அறையும்போது வரும் 'டக்' என்ற ஸ்வரமில்லாத ஒலிதான் ஸ்லாப்பின் உயிர்த்துடிப்பு. இடக்கை விரலைத் தந்தியில் தட்டி ஒலி எழுப்பும் ஹேமர்-ஆன், விரலை இழுத்து எடுத்து ஒலி எழுப்பும் புல்-ஆஃப் சேர்த்தால் வலக்கைக்கு இன்னும் மூச்சு கிடைக்கும். அமெரிக்க பேஸ் கலைஞர் விக்டர் வூட்டன் வாசிப்பில் காணும் இரட்டைக் கட்டைவிரல் முறையில், கீழே இறங்கும் விரல் அடுத்த தந்தியில் தங்கி, திரும்பி எழும்போதும் ஒரு ஒலி தருகிறது. ஒரு சுழற்சிக்கு இரண்டு ஒலி. மிகப் பயனுள்ள முறைதான். ஆனால் தெறித்து எழும் அடி நிலைபெறும் முன் இதைத் தொடங்கினால் இரண்டும் குழம்பும்.

மேடைக்கு வருவோம். அறையில் ஒரு மணி நேரம் தாங்கிய கை மேடையில் பத்து நிமிடத்தில் ஓய்வது ஏன்? பெரும்பாலும் தன் ஒலி தனக்குக் கேட்காததால். தனியாக வாசிக்கும்போது நடு அலைவரிசையைக் குறைத்தால் ஸ்லாப் இனிமையாக இருக்கும். டிரம்ஸும் கீபோர்டும் சேர்ந்ததும் அதே ஒலி காணாமல் போய்விடும். உடனே வாசிப்பவர் ஓங்கி அடிக்கிறார். மிட் குமிழைத் திரும்ப நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஆம்ப் முழங்காலைப் பார்த்து ஒலிக்காமல் காதைப் பார்க்கும்படி நாற்காலியில் ஏற்றுங்கள் அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள். ஒலியின் ஏற்றத்தாழ்வைக் குறைக்கும் கம்ப்ரசரை 4:1 விகிதத்தில், அது வேலை தொடங்க எடுக்கும் நேரமான அட்டாக்கை 20 மில்லிசெகண்டுக்குக் குறையாமல் வைத்தால் அடியின் முனை மழுங்காமல் மெல்லிய ஒலியும் மேலெழும். பாட்டு வரிசை எழுதுபவர்கள் ஸ்லாப் பாட்டு மூன்றை அடுத்தடுத்துப் போடாமல் இருந்தால் பேஸ் வாசிப்பவர் நன்றியோடு இருப்பார்.

இனி, அலட்சியப்படுத்தக் கூடாதவை. முன்கையில் பரவலான அசதி வந்து ஒரு மணி நேரத்தில் அடங்கினால் அது பயிற்சியின் களைப்பு. மறுநாள் காலையிலும் வலி இருந்தால், அல்லது ஒரே புள்ளியில் குத்தினால், அது காயம். கட்டைவிரலின் அடியில், மணிக்கட்டோரம் வரும் வலிக்கு இந்த வாசிப்பில் தனிக் கவனம் வேண்டும். கட்டைவிரலை உள்ளே மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெதுவாகச் சாய்க்கும்போது சுரீரென்றால் அங்குள்ள தசைநாண் உறை வீங்கியிருக்கலாம். டி குவெர்வெய்ன் என்று மருத்துவர்கள் சொல்லும் தொல்லை அது. வாசிப்பை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். விரல் மரத்துப்போவதும் அப்படியே. வலியே இல்லாமல் வாசிக்கும்போது மட்டும் ஒரு விரல் தானாக உள்ளே சுருண்டால் நரம்பியல் மருத்துவரிடம் போக வேண்டும். கூடுதல் பயிற்சி அதை மோசமாக்கும்.

கச்சேரிக்கு முன் வலி மாத்திரை போட்டுக்கொள்வது கைகளுக்கு இழைக்கும் அநியாயம். எச்சரிக்கை மணியின் கம்பியை அறுத்துவிட்டு வாசிப்பதற்குச் சமம் அது. கட்டைவிரலில் வரும் கொப்புளத்தை உடைக்காதீர்கள், இரண்டு நாள் விரல் நுனியால் வாசித்தால் தானாக வற்றும். அழுத்திப் பிடிக்கும் ஸ்பிரிங் கருவியால் ஸ்லாப்புக்குப் பயன் இல்லை. இறுக்குகிற தசை ஏற்கெனவே அளவுக்கு மேல் வேலை செய்கிறது. ஐந்து விரலையும் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாட்டி, மெதுவாக விரித்து மூடுவதைப் பதினைந்து முறை செய்தால் எதிர்த் தசைக்கு வலு வரும்.

இசைப் பள்ளி நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவில் யார் வேகமாக ஸ்லாப் வாசிக்கிறார்கள் என்று பிள்ளைகளுக்குள் போட்டி வைப்பதை நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக 80 டெம்போவில் ஐந்து நிமிடம் ஒரே அளவு ஒலியோடு வாசிக்கச் சொல்லி, முதல் நிமிடத்தையும் ஐந்தாம் நிமிடத்தையும் பதிவுசெய்து அவர்களுக்கே போட்டுக் காட்டுங்கள். பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தையின் கையில் 34 அங்குல ஸ்கேல் (ஒலிக்கும் தந்தியின் நீளம்) கருவியைக் கொடுக்காதீர்கள். 30 அங்குலக் கருவிகள் கிடைக்கின்றன. வகுப்பில் அப்படி ஒன்றாவது வாங்கி வையுங்கள்.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் ஆசிரியர் ஒருவர்,
சென்னை