குறைமாதப் பிள்ளைகளின் கண்களுக்குத் தொடர் கவனிப்பு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஏழாம், எட்டாம் மாதத்தில் பிறக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றி வீட்டுக்கு அனுப்புவதற்கு எமது வைத்தியசாலைகளில் வைத்தியர்களும் தாதியரும் படும் பாட்டை நன்றியுடன் நினைத்தபடியே, அப்பிள்ளைகள் வீடு வந்த பின்னர் அவர்களது கண்களை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வியை உங்கள் பத்திரிகை வாயிலாக எழுப்ப விரும்புகிறேன்.

கருவில், கண்ணின் உட்புறத்தில் ஒளியை உணரும் படலமான விழித்திரையின் இரத்தக் குழாய்கள் ஏறத்தாழ 16ஆம் வாரத்தில் வளரத் தொடங்கி, பிரசவ நாளை அண்டியே அதன் விளிம்பை எட்டுகின்றன. 28ஆம் வாரத்தில் பிறக்கும் குழந்தைக்கு அந்த வளர்ச்சி பாதி வழியில் நிற்கிறது. மீதிக் குழாய்கள் தாறுமாறாக வளர்ந்தால் விழித்திரையே பிடுங்குண்டு பார்வை போய்விடலாம்; இதுவே குறைமாத விழித்திரை நோய். அதனாலேயே பிறந்து 4 வாரமளவில் கண் பரிசோதனை தொடங்கப்படுகிறது. நோய் கடுமையானால் இரண்டு மூன்று நாட்களுக்குள் லேசர் சிகிச்சை செய்யவேண்டியிருக்கிறது.

எனக்குக் கவலை தருவது அதன் பின்னர் வரும் ஆண்டுகளே. "கண்ணுக்குப் பயமில்லை" என்று வைத்தியர் சொன்னால், அந்த நோய்க்கான ஆபத்து நீங்கிவிட்டது என்பதே அதன் பொருள். கிட்டப்பார்வை, மாறுகண், ஒரு கண் சோம்பிப்போதல் (மூளை அந்தக் கண்ணைச் சரிவரப் பயன்படுத்தாததால் அதன் பார்வை குன்றுதல்) ஆகியவை இப்பிள்ளைகளிடம் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படுகின்றன. விழித்திரை நோயே வராத குறைமாதப் பிள்ளைகளும் இதற்கு விலக்கல்லர். சிலருக்குக் கண் நன்றாயிருந்தும், மூளையில் ஏற்பட்ட பாதிப்பினால் நெருக்கமாக அச்சிட்ட எழுத்துகளுக்குள் ஓர் எழுத்தைத் தேடிப் பிடிக்க முடிவதில்லை. கடுமையான நோய் வந்து சுகமான கண்ணில், பதின்ம வயதிலும் அதற்குப் பிறகும்கூட விழித்திரை விலகக்கூடும்.

முன்பள்ளியில் கற்பிப்பவள் என்ற முறையில், இப்படியான ஒரு பிள்ளையை அருகிருந்து பார்த்திருக்கிறேன். படம் கீறும்போது கன்னம் கொப்பியில் முட்டும். கதைப் புத்தகத்தைக் காட்டினால் தலையை ஒரு பக்கம் சரித்துத்தான் பார்ப்பாள். விறாந்தைப் படியில் இறங்குமுன் காலால் தடவிப் பார்ப்பாள். "குறமாசத்துப் புள்ளதானே டீச்சர், போகப்போகச் சரிவரும்" என்றார் தாய். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பின்னர் எப்போது கண்ணைக் காட்டவேண்டும் என்று அவருக்கு யாரும் எழுதிக் கொடுத்திருக்கவில்லை. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து நகரத்துக் கண் கிளினிக்குக்கு வந்து திரும்பினால் அன்றைய கூலியும் போய்விடும். கண்ணாடி போட்ட பிறகுதான் அந்தப் பிள்ளை கரும்பலகையைத் தானாகவே பார்த்து எழுதத் தொடங்கினாள். சோம்பிய கண்ணை மீட்பதற்கு ஏழு வயதுக்கு உட்பட்ட காலமே மிகவும் ஏற்றது; ஆகையால் முதலாம் ஆண்டில் பாடசாலைப் பரிசோதனை நடக்கும்தானே என்று காத்திருப்பது, கையிலிருக்கும் காலத்தை வீணாக்குவதாகும்.

எமது மாவட்டச் சுகாதார அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய செலவுள்ள காரியமல்ல. குறைமாதப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும்போதே, ஒரு வயதிலும் அதன் பின் பாடசாலை செல்லும் வரை ஆண்டுதோறும் கண் பரிசோதனைக்கு வரவேண்டிய திகதிகளைப் பிள்ளையின் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். பிள்ளையின் நிறையைப் பார்க்க வரும் குடும்பநல மாது அத்திகதிகளையும் கேட்டுப் பார்க்கட்டும். முன்பள்ளி அனுமதிப் படிவத்திலும், பிள்ளை எத்தனையாவது மாதத்தில் பிறந்தது, கடைசியாக எப்போது கண் பரிசோதிக்கப்பட்டது என்ற இரு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிகுடி.