வயலையும் காகத்தையும் தவிர

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த இதழில் வந்த ஓவேர் பயணக் கட்டுரையைப் படித்தேன். வின்சென்ட் வான்கோ கடைசியாக வாழ்ந்த அந்தப் பிரெஞ்சுக் கிராமத்துக்குக் காலையில் போய்ப் பின்னேரம் திரும்பிய கட்டுரையாளர், தான் குடித்த கோப்பியைப் பற்றியும் அழகாகத்தான் எழுதியிருக்கிறார். போகட்டும். ‘வயலையும் காகத்தையும் தவிர வேறொன்றுமில்லாத வன்னியில் ஓவியன் எங்கே முளைப்பான்?’ என்று முடித்திருந்தாரே, அதைத்தான் விழுங்க முடியவில்லை.

ஐயா, வான்கோ அங்கே எதை வரைந்தார்? உங்களுக்குத் தெரியாததல்ல. 1890 மே 20ஆம் திகதி வந்தவர், யூலை 29இல் கண்ணை மூடினார். அந்த 70 நாளில் 70க்கும் மேற்பட்ட படங்கள். அவற்றுள் பேர்போனது, கோதுமை வயலுக்கு மேலே காகங்கள் பறக்கும் படம். வயலும் காகமும்! அந்த வெளியைப் பார்க்கத்தான் உங்கள் கட்டுரையாளர் பாரிசிலிருந்து 30 கிலோமீற்றர் போயிருக்கிறார். மாசியில் பரந்தனில் இறங்கியிருந்தால் பஸ் காசோடு முடிந்திருக்கும். கொக்கும் சேர்த்துப் பார்த்திருக்கலாம்.

மகளிடம் போயிருந்தபோது நானும் ஓவேருக்குப் போனேன். பாரிசின் லாச்சப்பலில் எங்கள் ஆட்களின் கடைகளைத் தாண்டிப் போய் ரயிலேறினோம். நாளுக்கு மூன்றரைப் பிராங் கொடுத்து வான்கோ தங்கிய ராவூ விடுதி அறையில் இப்போது கட்டில்கூட இல்லை. அவர் இறந்தபின் அதை ஒருவருக்கும் வாடகைக்கு விடவில்லையாம். தேவாலயத்தின் முன்னும் வயற்கரையிலும், எங்கே நின்று வரைந்தாரோ அங்கேயே அந்தப் படத்தின் பிரதியை நட்டு வைத்திருக்கிறார்கள். அவருடைய படங்களையும் கடிதங்களையும் கட்டிக்காத்தவர் தம்பி பெண்சாதி யோகன்னா. எங்களுக்கு யார் இருந்தார்கள்? 2009இல் மாணவர்களின் படங்களைத் தகரப்பெட்டியில் போட்டுப் பங்கருக்குள் தாட்டுவிட்டு ஓடினவன் நான். முளைக்கவில்லை என்று எழுத உங்களுக்கு ஒரு வரி போதுமாக இருக்கிறது.

முளைக்க விடாதவர்களைப் பற்றி எழுத உங்கள் பக்கங்கள் காணாது. நான் படிப்பித்த பள்ளிக்கூடங்களில் பரீட்சை கிட்டினால் முதலில் பறிபோவது சித்திரப் பாடவேளை. கணித வாத்தியார் கேட்டால் அதிபர் மறுப்பதில்லை. பெட்டி வண்ணம் வாங்க வழியில்லாமல் மஞ்சளையும் செங்கல் தூளையும் கரைத்து வரைந்த பிள்ளைகள் அவர்கள். அந்தப் படங்களை உங்கள் சிறுவர் பகுதிக்கு அனுப்பினேன். ஒன்று வந்தது, பிள்ளையின் பெயர் இல்லாமல், கறுப்பு வெள்ளையில். அதற்கும் நன்றி. வன்னிக்கு நிறமெதற்கு என்று நினைத்திருப்பீர்கள். குளம் உடைத்து வெள்ளம் வந்தால் மட்டும் நாங்கள் உங்கள் முதற்பக்கத்தில் முழு வண்ணத்தில் வருகிறோம்.

நிற்க. கட்டுரையோடு ‘ஓவேரில் வரைந்தது’ என்று நீங்கள் போட்டிருக்கும் ‘நட்சத்திர இரவு’ ஓவேரில் வரைந்ததல்ல. 1889 யூனில், தெற்கே சென்-ரெமி மனநல விடுதியில் இருந்தபோது வரைந்தது. அடுத்த இதழில் அந்தப் படக்குறிப்பையாவது திருத்திப் போடுங்கள். பெரிய எழுத்தில் வேண்டாம்; நீங்கள் வழக்கமாகத் திருத்தம் போடும் மூலை போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர்,
ஒட்டுசுட்டான்.