ஆறாவதாக வந்தவரின் பதக்கம்

ஆசிரியருக்கு வணக்கம்.

800, 1500 மீட்டர் ஓட்டங்களில் யாராவது அசுர வேகத்தில் ஓடினாலே ஊக்கமருந்துச் சந்தேகம் கிளம்புகிறது. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2008 பெய்ஜிங்கில் 1500 மீட்டர் தங்கம் வென்ற ரஷீத் ராம்ஸி, ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் ‘செரா’ மருந்தால் அதை இழந்தார். அந்தத் தங்கம் கென்யாவின் அஸ்பெல் கிப்ராப்புக்குப் போனது. அப்புறம் அவரே, செராவைப் போலச் சிவப்பணுக்களைப் பெருக்கும் ‘ஈபிஓ’ மருந்து வழக்கில் நான்கு ஆண்டு தடை வாங்கினார்! யாரை நம்புவது?

அதற்காக எல்லோரையும் திருடர் என்பது அநியாயம். 1983இல் மகளிர் 800 மீட்டரை 1 நிமிடம் 53.28 விநாடியில் ஓடிய செக்கோஸ்லோவாக்கியாவின் யார்மிலா கிராடோச்விலோவாவின் உலக சாதனை இன்னும் முறியடிக்கப்படவில்லை. அதன் மீது சந்தேகமும் ஓயவில்லை. ஆனால், அவர் எந்தச் சோதனையிலும் சிக்கியதில்லை. அதேசமயம், ஈபிஓவுக்கான சோதனையே 2000 சிட்னி ஒலிம்பிக்கில்தான் வந்தது. சரி, பழைய காலத்தை இனி எதை வைத்து நிரூபிப்பது?

என் ஆதங்கமெல்லாம் நேர்மையாக ஓடியவர்கள் பற்றித்தான். 2012 லண்டன் மகளிர் 1500 மீட்டரில் அமெரிக்காவின் ஷானன் ரோபரி ஆறாவதாக வந்து வெறுங்கையோடு திரும்பினார். அவருக்கு முன்னால் வந்த ஐவரில் மூவர் ஊக்கமருந்து விவகாரத்தில் நீக்கப்பட, வெண்கலம் அவருக்கு என்றானது 12 ஆண்டுகள் கழித்து! ஊக்கமருந்து விசாரணையை இத்தனை காலம் இழுக்கக் கூடாது. அடுத்த ஒலிம்பிக்குக்கு முன்பே அதை முடித்து முடிவை அறிவிக்க வேண்டும்.