உன் பேரில் ஒரு பக்கம்

அன்பு மகள் பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினபோது கடையில் கூட்டம். "கிரெடிட் கார்டு கிடையாதுன்னு பேங்க்ல சொல்லிட்டாங்கப்பா, கடன் வரலாறு இல்லையாம்" என்று நீ சொன்னபோது உன் குரல் இறங்கிப்போயிருந்தது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இன்று ஷட்டரை இறக்கிவிட்டு, கல்லாப்பெட்டிப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இதில் உன் தப்பு எதுவும் இல்லை. என் பங்குதான் இருக்கிறது. நீ காலேஜ் சேர்ந்தபோது கல்விக்கடன் போடலாம் என்று பேங்கில் சொன்னார்கள். படிப்பை முடித்து வரும்போதே பிள்ளை கடன்காரியாக வரக் கூடாது என்று நான்தான் வேண்டாம் என்றேன். உங்கம்மா நகையை அடகுக் கடையில் வைத்தேன், பைபாஸ் பக்கம் வாங்கிப் போட்டிருந்த மனையை விற்றேன், நாலு வருஷ ஃபீஸும் கட்டினேன். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் அந்தக் கடனை வாங்கி, வேலைக்குப் போனதும் மாதாமாதம் நீ கட்டிக்கொண்டு வந்திருந்தால் இன்று உன் பேரில் ஒரு கணக்கு இருந்திருக்கும். அடகுக் கடை ரசீது எந்தக் கம்ப்யூட்டரிலும் ஏறவில்லை. நான் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டிய சீட்டும் ஏறவில்லை. நீ டெபிட் கார்டைத் தேய்ப்பதும் ஏறாது, அது உன் காசை நீயே எடுப்பது.

எனக்கும் இப்படி நடந்தது, உன்னிடம் சொல்லவில்லை. 2023இல் ஐஸ்கிரீம் வைக்க ஒரு ஃப்ரீசர் வாங்கலாம் என்று ஒரு இடத்தில் கடன் கேட்டேன். இருபத்தேழு வருஷமாகக் கடை நடத்துகிறேன், மொத்த வியாபாரிக்கு ஒரு நாள் பாக்கி வைத்ததில்லை. அந்தப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையே அய்யா" என்றான். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் யோசித்துப் பார்த்தேன். நானும் இதைத்தானே செய்கிறேன்?

நம் கடைப் பேரேட்டை உனக்குத் தெரியும். லீவு நாளில் நீ கூட்டல் போட்ட அதே நீள நோட்டு. பக்கத்தின் தலைப்பில் பேர் இருக்காது, 'மாடி வீட்டு டீச்சர்', 'வேப்பமரத்து வீடு' என்றுதான் இருக்கும். ஒரு பத்தியில் பற்று, அடுத்ததில் வரவு. கணக்குத் தீர்ந்ததும் குறுக்கே ஒரு கோடு. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு நான் பக்கம் திறப்பதில்லை. எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் முதல் இரண்டு மாதம் ரொக்கம். அப்புறம் ஒரு பால் பாக்கெட், அரைக் கிலோ சீனி என்று ஆரம்பிப்பேன். அஞ்சாம் தேதி காசு வந்துவிட்டால் அடுத்த மாதம் அரிசி மூட்டையே கொடுப்பேன்.

சிபில் என்று எல்லாரும் சொல்வதும் அப்படி ஒரு பேரேடுதான், யார் கடன் வாங்கினார்கள், எப்படித் திருப்பிக் கட்டினார்கள் என்று எழுதிவைக்கிற நிறுவனம். 2000இல் ஆரம்பித்தது. அது போக எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று இன்னும் மூன்று இருக்கின்றன. மதிப்பெண் 300இலிருந்து 900 வரை. உனக்கு மைனஸ் 1 அல்லது 'என்ஹெச்' (நோ ஹிஸ்டரி, வரலாறு இல்லை) என்று காட்டும். அது குறைந்த மார்க் கிடையாது. நீ இன்னும் பரீட்சையே எழுதவில்லை என்று அர்த்தம். நம் தெருவுக்கு நீ புதுக்குடித்தனம், அவ்வளவுதான். முதல் தடவை கடன் கேட்பவரை வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ள வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஜனவரியில் சொல்லியிருக்கிறது. ஆனாலும் கொடுப்பதும் மறுப்பதும் பேங்க் முடிவு.

அந்தக் கோபத்தில் அதே வாரம் இன்னும் மூன்று இடத்தில் விண்ணப்பம் போட்டேன் என்றாயே, அதை உடனே நிறுத்து. கார்டுக்காக யார் உன் கணக்கைத் திறந்து பார்த்தாலும் அது அங்கே பதிவாகும். ஒரே நாளில் தெருவில் நாலு கடையிலும் கடன் கேட்ட ஆளைப் பற்றிச் சாயங்காலத்துக்குள் எனக்குத் தகவல் வந்துவிடும். அப்புறம் எனக்குக் கை வருமா? நீயே உன் அறிக்கையைப் பார்ப்பதில் பாதகம் இல்லை. நாலு நிறுவனமும் வருஷத்துக்கு ஒரு தடவை இலவசமாகக் கொடுக்க வேண்டும்.

சரி, வழி என்ன? கரண்ட் அக்கவுண்ட் வைத்திருக்கிற பேங்கில் போய் விசாரித்தேன். அங்கே இருக்கிற மேடம் பொறுமையாகச் சொன்னார். உன் பேரில் எஃப்டி (ஃபிக்ஸட் டெபாசிட்) போட்டு, அதன்மேல் கார்டு வாங்கிக்கொள்ளலாம். டெபாசிட்டில் பெரும்பாலும் 80, 90 சதவீதம் லிமிட் கொடுப்பார்கள். வரலாறு கேட்க மாட்டார்கள், பணம் அவர்கள் கையிலேயே இருக்கிறதே. டெபாசிட்டுக்கு வட்டி பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும், கார்டு இருக்கிறவரை எடுக்க மட்டும் முடியாது. நீ கட்டாமல் விட்டால் அதிலிருந்து பிடித்துக்கொள்வார்கள், பேரும் கெடும்.

என் சீட்டு போன மாதம் விழுந்தது. அதில் 30,000 உன் கணக்குக்குப் போட்டிருக்கிறேன். என் பேரில் கார்டு வாங்கி உனக்குத் துணைக் கார்டு தரலாமா என்றும் கேட்டேன். வரலாறு எனக்குத்தான் சேரும், உனக்குச் சேராது என்றார். அதனால் டெபாசிட் உன் பேரிலேயே இருக்கட்டும்.

30,000க்கு 27,000 லிமிட் வந்தால் மாதம் எட்டாயிரத்தைத் தாண்டாதே. லிமிட்டில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்பது நல்லது என்கிறார்கள். நீ எப்படியும் வாங்குகிற பலசரக்கு, போன் ரீசார்ஜ், ஊருக்கு வருகிற பஸ் டிக்கெட், இது போதும். கார்டு வந்துவிட்டதே என்று ஒரு பொருள்கூடப் புதிதாக வாங்காதே. ரூபே கார்டாக இருந்தால் யூபிஐயிலேயே இணைத்துக்கொள்ளலாம். டீக்கடையில் ஸ்கேன் பண்ணும்போது உன் காசு போகிறதா கடன் காசு போகிறதா என்று ஒரு நொடி பார்த்துக்கொள். ஏடிஎம்மில் மட்டும் அதைச் சொருகாதே, எடுத்த நாளிலிருந்தே வட்டி, மேலே தனிக் கட்டணம்.

இப்போது முக்கியமான விஷயம். பில்லில் இரண்டு தொகை இருக்கும், மொத்தத் தொகை ஒன்று, குறைந்தபட்சத் தொகை ஒன்று. குறைந்தபட்சம் என்பது பார்க்கச் சின்னதாக, கையில் அடங்குகிற மாதிரி இருக்கும். சிட்டை எழுதுகிற கையால் உனக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10,000 பாக்கி. மாத வட்டி 3.5 சதவீதம் என்றால் 350. வட்டிமேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி 63. ஆக 413. குறைந்தபட்சம் 5 சதவீதம், 500 கட்டினாய். அதில் கடனில் கழிந்தது 87 ரூபாய். எண்பத்தேழே ரூபாய், பாப்பா! நம் ஊரில் மீட்டர் வட்டி என்று கேட்டாலே பயப்படுவோம், இதுவும் வருஷத்துக்கு 42 சதவீதம். அதோடு பாக்கி நிற்கிற வரைக்கும் புதிதாக வாங்குகிற உப்பு புளிக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே ஆட்டோ டெபிட் போடும்போது 'மொத்தத் தொகை' என்பதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

உனக்குச் சம்பளம் ஒன்றாம் தேதி. கடைசித் தேதி அதற்கு அப்புறம் வருகிற மாதிரி பில் தேதியை மாற்றித் தரச் சொல். ஒரு தடவையாவது மாற்றித் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது.

தேதியைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2020இல் எல்லாம் அடைத்துக் கிடந்தபோது வேப்பமரத்து வீட்டு அக்கா, அஞ்சாம் தேதிக்கு முன்னாலேயே வந்து நின்றது உனக்கு ஞாபகம் இருக்கும். அவர் வீட்டுக்காரர் எலெக்ட்ரீஷியன், இரண்டு மாதமாக வேலை இல்லை. "அண்ணே, இந்த மாசம் முடியாது" என்று படியில் நின்று சொன்னார். உள்ளே கூப்பிட்டு மறுபடியும் அரிசி அளந்து கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்துச் சில்லறையும் நோட்டுமாகக் கொண்டுவந்து தீர்த்தார். அவர் பக்கத்தில் கோடு போட்டபோது எனக்குக் கை நடுங்கியது. ஆனால் சிபில் நோட்டுக்கு முகம் தெரியாது, படியில் வந்து நின்று சொல்வதைக் கேட்க அதற்குக் காது இல்லை. கடைசித் தேதி தாண்டி மூன்று நாள் வரை பொறுப்பார்கள், அப்புறம் தாமதம் என்று எழுதிவிடுவார்கள். உடம்பு சரியில்லை, நெட் இல்லை, மறந்துபோச்சு, எதுவும் அதில் ஏறாது. பணம் முட்டுப்பாடு வந்தால் தேதிக்கு முன்னால் எனக்குப் போன் பண்ணு. எதற்குச் செலவானது என்று கேட்க மாட்டேன்.

யாராவது கூடப் படித்தவர்கள், "உன் கார்டில் இ.எம்.ஐ. போட்டுக் கொடு, நான் மாதாமாதம் தந்துவிடுகிறேன்" என்று கேட்பார்கள். நம் சொந்தத்திலேயே கேட்பார்கள். அப்பா கூடாது என்றார் என்று சொல்லிவிடு, பொல்லாப்பு எனக்கே வரட்டும்.

ஆறு மாதம் போல ஒழுங்காகக் கட்டினால் மதிப்பெண் வந்துவிடுமாம். 2025இலிருந்து பேங்குகள் சிபிலுக்கு மாதத்துக்கு இரண்டு தடவையாவது கணக்கு அனுப்புகின்றன.

இன்னொன்று. உன் ஆதாரில் பேருக்கு முன்னால் என் இனிஷியல் மட்டும் இருக்கிறது, பான் கார்டில் என் பேர் முழுசாகப் பின்னால் வருகிறது. நமக்குக் குடும்பப் பேர் கிடையாது, அந்தப் படிவத்துக்கு அது புரியாது. இரண்டும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடப் போகிறார்கள். பேங்குக்குப் போவதற்கு முன்னால் ஆதாரில் பேரை விரித்து எழுதித் திருத்திக்கொள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் தேவைப்பட்டால் பீரோவில் இருக்கிறது, அம்மாவிடம் சொன்னால் போட்டோ எடுத்து அனுப்புவாள்.

முதல் பில் வந்ததும் எனக்கும் அனுப்பு. பேரேட்டில் கடைசிப் பக்கத்தை விட்டுவைத்திருக்கிறேன், தலைப்பில் 'பாப்பா' என்று எழுதியாகிவிட்டது. நீ கட்டினேன் என்று சொல்கிற அன்றைக்கு இங்கே கோடு போடுகிறேன்.

அன்புடன்,
அப்பா