பானுவுக்கு, அம்மாபேட்டையிலிருந்து

அன்புள்ள பானு,

ஏற்காட்டில் குளிர் இறங்கிவிட்டதா? ஜப்பானின் ஹெய்யான் காலத்து (ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய) அரண்மனைத் தோழியை நீ மேடையேற்றப் போவது எனக்கு ரொம்பச் சந்தோஷம். அந்தப் பெண்களின் முகத்தை வெளி ஆண்கள் பார்ப்பதே அரிது. திரைக்குக் கீழே நீட்டிவிட்ட அங்கிக் கையின் விளிம்பு, துணியின் மணம், கையெழுத்து ஆகியவற்றை வைத்துத்தான் ஆளை எடைபோட்டார்கள். அதனால் உன் பணத்தை முதலில் விளிம்பில் போடு.

உள்ளங்கிக்கு மேல் அடுக்கும் அங்கிகள் பிற்காலத்தில் ஐந்து என்று நிலைத்தன. அதற்கு மேல் வருகிற அங்கியைச் சற்றுக் குட்டையாக வெட்டச் சொல். எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அடியில் உள்ள நிறமெல்லாம் மறைந்துபோகும். நிறச் சேர்க்கை பருவத்தோடு போகும். மேலே வெளிர் ஊதா, உள் துணி பச்சை என்றால் அந்தச் சேர்க்கைக்கு விஸ்டீரியா என்ற கொடிப்பூவின் பெயர். பேரரசி ஷோஷியிடம் தோழியாக இருந்த எழுத்தாளர் முராசாகி ஷிகிபு, ஒரு தோழியின் கை விளிம்பில் ஒரே ஒரு நிறம் கொஞ்சம் வெளிறியிருந்ததைப் பெரிய மனிதர்கள் கண்டுகொண்டதைத் தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறாள். குறை அவ்வளவுதான்!

உடுத்திவிட முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி வேண்டும். முதல் அங்கியைப் போட்டு இடுப்பில் கயிறு கட்டு. அடுத்ததைப் போட்டு, அதன் மேல் இரண்டாவது கயிற்றை இறுக்கிய பிறகே முதல் கயிற்றை உருவு. இப்படி மாற்றி மாற்றிப் போனால் கடைசியில் ஒரே கயிறுதான் மிஞ்சும். அவசரப்பட்டு முன்பே உருவினால் கழுத்துப் பக்க அடுக்கு மொத்தமும் சரிந்துவிடும். இன்றைய முழு உடையே 15, 20 கிலோ என்கிறார்கள். மேடைக்கு நம்மூர் வெண்பட்டைச் சாயம் தோய்த்தால் போதும்.

மணத்துக்கு அகில், சந்தனம், கிராம்பு, கஸ்தூரி ஆகியவற்றை இடித்துச் சலித்துத் தேன் விட்டுப் பிசைந்து, ஜாடியில் மண்ணுக்குள் புதைத்து வைப்பார்கள். அங்கியைக் கூடை மேல் விரித்து அடியில் புகை காட்டுவது அவர்கள் வழக்கம். கீழே வெந்நீர்ப் பாத்திரம் வைக்க மறக்காதே, ஈரம் இருந்தால்தான் மணம் நூலில் பிடிக்கும்.

அந்தப் பெண்கள் பல்லைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். அதற்குப் புளித்த காடியில் இரும்புத் துண்டுகளை ஊறவைத்து, மாசிக்காய் மாதிரி ஒன்றின் தூளைச் சேர்ப்பார்கள். அடிக்கடி பூசாவிட்டால் திட்டுத் திட்டாக வெளுக்கும். உன் பெண்களுக்கு மேக்கப் கறுப்பே போதும்.

நடிகைகளின் தோள், கை, உயர அளவுகளை உடனே அனுப்பு. சாயக்காரர் தறிக்காரரைவிட அதிக நாள் கேட்பார்.

அன்புடன்,
சுமதி