பாலுவின் ஸ்பானிஷ் சந்தேகங்களுக்கு

மாட்ரித்,
ஜூலை

அன்புள்ள பாலு,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்து மறுபடி நடக்கப் போகிறாய் என்பதில் சந்தோஷம். வலென்சியாவில் மகள் வீட்டுக்கு வருவதற்குள் ஸ்பானிஷ் பேசிவிட வேண்டும் என்று இந்த வயதில் உட்கார்ந்து படிக்கிறாயே, அதில் இன்னும் சந்தோஷம். இங்கே வெயில் கொளுத்துகிறது. மதியம் வெளியே தலைகாட்ட முடியாது, அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

உன் சந்தேகங்கள் எல்லாம் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஸ்பானிஷை முதலில் ஆங்கிலமாக்கி, பிறகு தமிழாக்கிக்கொள்கிறாய். நடுவில் நிற்கும் ஆளை அனுப்பிவிடு.

'ஆந்தெஸ் தெ கொமேர்' என்றால் 'சாப்பிடுவதற்கு முன்'. அங்கே ஏன் ஆங்கில 'ஈட்டிங்' மாதிரி 'கொமியெந்தோ' வரவில்லை என்கிறாய். 'தெ' மாதிரிச் சொற்களுக்குப் பின்னால் ஆர், ஏர், ஈர் என்று முடிகிற அகராதி வடிவம்தான் வரும். 'சாப்பிடுவது' என்று நாம் வினையைப் பெயராக்குகிறோமே, அந்த வேலையையும் அதுவே பார்க்கும். 'சாப்பிட விரும்புகிறேன்' என்பதற்கு 'கியேரோ கொமேர்' சரி. 'நீ சாப்பிட வேண்டும் என்று விரும்புகிறேன்' என்றால் ஆள் மாறிவிட்டது. அப்போது 'கியேரோ கெ கோமாஸ்'. ஆங்கிலம் இரண்டுக்கும் 'டு ஈட்' போட்டுவிடும். அதைப் பார்த்துத் தமிழில் 'உன்னைச் சாப்பிட விரும்புகிறேன்' என்று சொல்லிப் பாரேன்!

பெயருக்கு முன்னால் ஆங்கில 'தி' மாதிரி வரும் எல் (ஆண்பால்), லா (பெண்பால்) விஷயத்தில் தமிழ் பாதிதான் கைகொடுக்கும். 'மெ துவேலெ லா கபேஸா', எனக்குத் தலை வலிக்கிறது. நாமும் 'என் தலை' என்பதில்லை, அவர்களும் 'என்' போடுவதில்லை. ஆனால் காபி பிடிக்கும் என்று பொதுவாகச் சொன்னாலும் 'மெ குஸ்தா எல் கஃபே', அந்த எல் இருந்தே ஆக வேண்டும். அதே ஆட்கள் 'நான் டாக்டர்' என்பதற்கு வெறும் 'சோய் மேதிகோ' என்பார்கள். இதற்கெல்லாம் காது பழகுவதுதான் வழி. எல் போட்டிருக்கிறதே என்று நீ கோபப்பட்ட 'எல் ஆகுவா', அதாவது தண்ணீர், பெண்பால்தான், சந்தேகமே வேண்டாம். 'அந்த' என்று பொருள்படும் இலத்தீன் பெண்பால் சொல் 'இல்லா' பழைய ஸ்பானிஷில் 'எலா' ஆகி, ஒரு பக்கம் லா என்றும், உயிரெழுத்துக்கு முன் எல் என்றும் தேய்ந்தது. இன்று அழுத்தமான ஆ-வில் தொடங்கும் பெண்பால் பெயர்களுக்கு முன் மட்டும் அது மிச்சமிருக்கிறது. அதனால்தான் குளிர்ந்த நீர் 'எல் ஆகுவா ஃப்ரீயா', பன்மையில் 'லாஸ் ஆகுவாஸ்'.

வியப்பு வாக்கியம் உனக்குச் சுலபம். 'கே பியென் காந்தா லுசீயா!' வினை முன்னே, ஆள் கடைசியில். 'என்னமாய்ப் பாடுகிறாள் லுசீயா!' என்று நாமும் அப்படித்தானே சொல்கிறோம்? 'கே காஸா தான் போனீதா!', என்ன அழகான வீடு! பெயருக்குப் பின்னால் 'அழகான' மாதிரி அடைமொழி வந்தால் நடுவில் 'தான்' அல்லது 'மாஸ்' வேண்டும், அதை மட்டும் மறக்காதே. 'கே'வுக்குப் பிறகு 'ஒரு' கிடையாது. எங்கள் லிஃப்டில் இந்த மாதம் முழுக்க ஒரே பேச்சு, 'கே கலோர்!' என்ன வெயில்!

அப்புறம், 'கோமாஸ்' எங்கிருந்து வந்தது என்று அடுத்து கேட்பாய். அது பெரிய கதை, நேரில் சொல்கிறேன். டிக்கெட் போட்டதும் தேதி எழுது. ஆகஸ்டில் மட்டும் வேண்டாம், வலென்சியா புழுங்கித் தள்ளும். செப்டம்பர் கடைசியில் வா.

அன்புடன்,
ராமு